பதினோரு நிமிடக் காட்சி

அந்தத் துரோகிக்கு அரங்கசாமி என்று பெயர் வைத்தது நான்தான். தெரிந்தேதான் வைத்தேன்.

எங்கள் ஊர் கணபதியில் இஸ்மத் அக்காவின் எஸ்.டி.டி. பூத்தில் அப்போது வேலைக்கு இருந்தேன். முன்னால் போன், பின்னறையில் டிவியும் வீடியோ கேம் பெட்டியும். அக்காவின் வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது பெட்டியையும் ஒரு டிஸ்கையும் கொண்டுவந்திருந்தார். டிஸ்கில் பேசுவது ஜப்பான் மொழி என்பது அவர் விமானம் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

அது கதை உள்ள ஆட்டம். கொஞ்ச நேரம் சண்டை, பிறகு சினிமா போலக் காட்சி ஓடும், எல்லோரும் பேசுவார்கள். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் காட்சி நிற்காது. காசு கொடுத்து ஆட வந்த பையன்களுக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. கொட்டாவி விட்டுவிட்டு எழுந்து போனார்கள்.

"மதி, நீ சும்மா இருக்கிற நேரத்துல நோட்டுல என்னமோ கிறுக்கிக்கிட்டே இருக்கிறியே, இதுக்கும் ஏதாச்சும் எழுதேன்" என்றார் அக்கா. நான் எழுதுவதை அவர் பார்த்திருக்கிறார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். என் பெயர் வெளியே வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டேன். மொழிபெயர்ப்பு ஷார்ஜாவிலிருந்து தபாலில் வந்தது என்று பையன்களிடம் சொல்லிவிட்டார்.

காலையில் ஆள் இல்லாத நேரத்தில் நானே ஆடிப் பார்த்தேன். முகமூடி போட்ட வீரன் ஒருவன், அவனுக்கு ஒரு தங்கை, இருவரும் நம்பிய ஒரு நண்பன். முதல் கட்டத்திலேயே நண்பன் காட்டிக்கொடுக்கிறான், தங்கை எரிகிற கோட்டைக்குள் செத்துப்போகிறாள். அந்த நண்பனின் மூக்கும், பேசுவதற்கு முன் உதட்டைச் சுழிப்பதும் யாரைப்போல் இருக்கின்றன என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது.

அரங்கசாமி சார் எங்கள் டியூஷன் மாஸ்டர். நான் ஒன்பதாவது படிக்கும்போது கணக்கு நோட்டுக்கு அடியில் வைத்திருந்த என் கதை நோட்டைப் பிடுங்கினார். தனியாக ஒரு பெண் ரயிலை ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போகும் கதை. என்னை நிற்கவைத்து, மூக்கால் இழுத்த ஒரு பெண் குரலில், நாற்பது பேருக்கு முன்னால் முழுவதையும் படித்தார். "அம்மணி ரயிலோட்டப் போறாங்களாமா. போத்தனூர் ஜங்சன்ல சொல்லி வைக்கோணும்" என்றார். சிரிப்பு அடங்கியபோதெல்லாம் பழைய வரிக்கே திரும்பிப் போய்ப் படித்தார். உட்காரட்டுங்களா என்று கேட்டேன். நின்னே கேளு கண்ணு என்றார்.

மறுநாளிலிருந்து நான் தெருவில் நடந்தால் பின்னாலிருந்து ரயில் போலக் கூவென்று கத்தினார்கள். டியூஷன் பையன்கள்தான் பள்ளிக்கூடத்திலும் இருந்தார்கள். ஒரு மாதம் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்திருந்தேன். அப்புறம் பள்ளிக்கூடம் போகவே இல்லை.

அதனால்தான் மொழிபெயர்ப்பு நோட்டின் முதல் பக்கத்தில் துரோகிக்கு நேராக அரங்கசாமி என்று எழுதி, டிவி மேசையில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டேன். டியூஷன் பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவன் விளையாட, ஒருவன் நோட்டைப் பார்த்துப் படிக்க, மற்றவர்கள் "அந்த அரங்கசாமிய உடாதடா" என்று கத்துவார்கள். நான் முன்பக்கம் பில் கிழித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். அந்த ஒரு வாரம் சோறு நன்றாக இறங்கியது.

பிறகு அந்த ஆட்டம் என்னை ஏமாற்றியது.

தங்கை செத்த அடுத்த நிமிடமே அண்ணன்காரன் யாரோ ஒருத்தியின் காணாமல்போன ஆட்டைத் தேடப் போகிறான். பழிவாங்கக் கிளம்பியவன் ஆடு தேடுவானா? பிறகு சாவி தேடுகிறான், பெட்டி தள்ளுகிறான், தாடிக்காரத் தளபதி ஒருவன் பேசுவதை மூன்று தடவை நின்று கேட்கிறான். ஆறு கட்டங்களில் துரோகி தலையே காட்டவில்லை. பையன்களுக்குக் கோபம் ஆறிப்போனது. துரோகி எங்கோ மலைக்கு அந்தப் பக்கம் அடுத்த கோட்டைக்குத் தீ வைத்துக்கொண்டிருக்கிறான் என்று தளபதியின் வாயில் நானே சொல்லவைத்துக் கோபத்தை அணையாமல் பார்த்துக்கொண்டேன். கதை எழுதியவனுக்கு இது தோன்றவில்லை.

கடைசிக் காட்சி அதைவிட மோசம். நான் அதற்கு எழுதுவதற்கு முன்பே தீபக் என்ற டியூஷன் பையன் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டான். தெருவில் என் பின்னால் எல்லோரையும்விடச் சத்தமாக ரயில் போலக் கூவியவன் அவன். துரோகி திடீரென்று அழுதுகொண்டு வருகிறான். வீரன்மேல் பாய்ந்த அம்பைத் தன் நெஞ்சில் வாங்கி, அவன் மடியில் படுத்துப் பதினோரு நிமிடம் பேசிவிட்டுச் சாகிறான். வீரன் முகமூடியைக் கழற்றி அழுகிறான், புதைத்த இடத்தில் ஒரு பூ வைக்கிறான். ஏன் மனம் மாறினான்? எங்கே மாறினான்? ஒன்றும் இல்லை. ஆனால் பையன்களுக்கு அந்த அழுகை முகமும் பின்னால் ஓடிய பாட்டும் போதுமாக இருந்தன.

தீபக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பாவம்டா அரங்கசாமி" என்றான்.

என் கையிலிருந்த பில் புத்தகம் கசங்கியது.

இரண்டு நாள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். படத்தை என்னால் மாற்ற முடியாது. அந்த அழுகையும் அந்த மடியும் அப்படியேதான் இருக்கும். வாய் எத்தனை விநாடி அசைகிறதோ அத்தனைக்குச் சொல் வேண்டும். அழட்டும், ஆனால் எதற்காக அழுகிறான் என்பதை நான் சொல்கிறேன் என்று எழுதி முடித்து நோட்டைத் திரும்பக் கட்டினேன்.

கடைசிப் பக்கத்துக்கு எழுத்து வந்துவிட்டது என்று தெரிந்ததும் தீபக் முதலிலிருந்து ஆடத் தொடங்கினான். நான்கு நாள் ஆடினான். முடிவை டிவியோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று அதுவரை ஒருவரையும் அந்தப் பக்கத்தைத் திருப்பவிடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் டியூஷனுக்கு ஒருவனும் போகவில்லை, எல்லோரும் பின்னறையில் இருந்தார்கள். காலியான பெஞ்சுகளைப் பார்த்துவிட்டு அரங்கசாமி சார் தேடிக்கொண்டே வந்துவிட்டார். போன் மேசைக்குப் பின்னால் இருந்த என்னை அவர் பார்க்கவில்லை.

உள்ளே நுழைந்ததும் யாரோ அவர் பெயரைச் சொல்வது காதில் விழுந்திருக்க வேண்டும். எம்பேர எவன்டா இதுல போட்டது என்று கேட்டார்.

இஸ்மத் அக்கா அமைதியாகச் சொன்னார். "அரங்கசாமிங்கற பேரு இந்த ஊருல நூறு பேருக்கு இருக்குங்க சார். உங்களையா சொல்றாங்க?"

அதற்கு மேல் அவரால் கோபப்பட முடியவில்லை. கோபப்பட்டால் தன்னைத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால் சிரித்தார். "அப்படி என்னதான் எழுதியிருக்குதுன்னு பாப்போம்" என்று நோட்டைக் கயிற்றிலிருந்து பிடுங்கினார். டிவியில் துரோகி அப்போதுதான் மடியில் சாய்ந்து வாயைத் திறந்தான். சாருக்குப் பழைய பழக்கம் விடவில்லை. மூக்கால் இழுத்த அதே பெண் குரலில் உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"'நண்பா, நான் சாவதற்கு முன் என் பாவத்தைக் கேள்.'"

பையன்கள் சிரித்தார்கள். அவருக்கு உற்சாகம் வந்தது.

"'ஒரு பெண் ஒளித்துவைத்து எழுதிய நோட்டைப் பிடுங்கினேன். அவளை நிற்கவைத்து நாற்பது பேருக்கு முன்னால்...'"

குரல் நின்றது. ஒருவனும் சிரிக்கவில்லை. அறையில் இருந்த பாதிப்பேர் அன்றைக்கு அந்த நாற்பதில் இருந்தவர்கள். டிவியில் சொல் இல்லாமல் வாய் மட்டும் அசைந்தது.

"படிங்க சார்" என்றான் தீபக். "அவன் பேசிட்டிருக்கறானுங்க."

சார் அதை நிறுத்தச் சொன்னார். காட்சி முடிந்த பிறகுதான் ஆட்டம் பதிவாகும், இப்போது நிறுத்தினால் நான்கு நாள் ஆடியது போய்விடும் என்று நாலு பேர் ஒன்றாகச் சொன்னார்கள். வாசலை அடைத்து உட்கார்ந்திருந்தவர்கள் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கிளம்பிப் போனாலும் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் அவரும் நகரவில்லை.

நான் எழுந்து பின்னறைக்குப் போனேன். நோட்டு எனக்குத் தேவைப்படவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து சொன்னேன்.

"'சிரிப்பு அடங்கியபோதெல்லாம் திரும்ப அதே வரியைப் படித்தேன். உட்காரட்டுமா என்று கேட்டாள். நின்றே கேள் என்றேன். பிறகு அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. ஏன் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை.'"

சார் திரும்பிப் பார்த்தார். "மதிவதனியா? நீ எழுதுனதா கண்ணு இது?"

"நாந்தானுங்க சார். நின்னே கேளுங்க."

அதுதான் ஆளைப் பார்த்து நான் வாய் திறந்து சொன்ன முதல் சுடுசொல். மிச்சத்தையும் சொன்னேன், ஒரு வரி விடாமல். துரோகியின் கண்ணில் நீர் வழிந்தபோது அது வலியால் அல்ல, வெட்கத்தால் என்றேன். கடைசியில் வீரன் பூ வைத்தான். அது தங்கைக்கு வைத்த பூ, இவனுக்கு இல்லை என்றேன். இவனை அவன் மன்னிக்கவே இல்லை என்று சொல்லி முடித்தேன். இசை நின்றது. ஆட்டம் பதிவாயிற்று.

அரங்கசாமி சார் நோட்டை டிவிமேல் வைத்தார். என்னைப் பார்த்து உதட்டைச் சுழித்தார், பிறகு வாசல் பக்கம் திரும்பினார். பையன்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவர் தெருவில் இறங்கிப் பத்தடி போனதும் உள்ளே இருந்து தீபக் மெதுவாகக் கூவினான், ரயில் போல. இன்னொருவன் சேர்ந்துகொண்டான். தெருமுனை திரும்பும் வரை அந்தச் சத்தம் அவர் பின்னாலேயே போனது.

நான் அவர்களைத் தடுக்கவில்லை.

அந்தக் கடைசிக் காட்சி ரொம்ப நீளம், பாதியாக வெட்டலாம் என்று என் சொந்த நோட்டில் முன்பு எழுதிவைத்திருந்தேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்த வரியை அடித்தேன். பதினோரு நிமிடம் போதவில்லை.