அந்தம்மா நின்ற இடம்

கேலிச்சித்திரக்காரருக்கு வலது மணிக்கட்டு முறிந்த வாரம் அது. இருபத்திரண்டு வருஷமாக வாரப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் ஒரே கூத்துதான்: ஒல்லிப் புருஷன், குண்டுப் பெண்டாட்டி, அவள் கையில் ஓங்கிய கரண்டி. ஜனங்களும் வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், என்னத்தைச் சொல்ல! ஒரு வாரம் தவறினாலும் பக்கத்தைக் குறுக்கெழுத்துப் போட்டிக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.

எட்டு வருஷமாக அவர் படங்களுக்கு வண்ணம் பூசிவந்த பெண்ணையே வரையச் சொல்லி, வசனத்தைக் கொடுத்தார். புருஷன் சோபாவில் சாய்ந்தபடி, "நாள் பூரா வீட்ல சும்மாதானே இருக்கே?" என்பான். மூன்று கட்டத்துக்கு அதே பாட்டு. நாலாவதில் கரண்டி பறக்கும்.

படத்தில் அந்தம்மா எங்கே நின்று இதைக் கேட்கிறாள் என்று விசாரித்தாள் அவள். அடுப்படி வாசலில்தான், வேறெங்கே என்று எரிந்து விழுந்தார். அவள் பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மூன்று மணிக்குப் படம் மேஜைக்கு வந்தது. அந்தம்மாவையே காணோம்! அடுப்படி வாசலிலிருந்து அந்தம்மா கண்ணுக்குத் தெரிவது மட்டும்தான் இருந்தது. கீழோரத்தில் அவளுடைய இரண்டு கைகள். பொங்கி வழியும் பால், குவிந்த ஈரத்துணி, ஒழுகும் மூக்கோடு குழந்தை. எல்லாவற்றுக்கும் அப்பால், கட்டைவிரல் அளவுக்குப் புருஷன். நாலாவது கட்டத்திலும் கரண்டி பாத்திரத்தைத்தான் கிண்டிக்கொண்டிருந்தது. வசனத்தில் ஓர் எழுத்து மாறவில்லை; ஆனால் சிரிப்பு சோபாக்காரன் தலையில் விழுந்தது. அவரும் வாய்விட்டுச் சிரித்தார். அடேயப்பா, இத்தனை வருஷம் இந்த வீட்டை வரைந்தோமே, ஒரு நாளாவது அந்தப் பக்கம் போய் நின்றோமா என்று மலைத்துப்போனார்.

ஆசிரியர் எட்டிப் பார்த்தார். இது யார் யோசனை என்றார், முகம் சரியில்லை.

"இவதான் வரைஞ்சா. போட்டா இதைப் போடுங்க, இல்லன்னா குறுக்கெழுத்தைப் போட்டுக்குங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. ஆசிரியர் படத்தை இன்னொரு தரம் பார்த்தார். உதடு துடித்தது, பக்கென்று சிரித்துவிட்டார். நாலு மணிக்குள் அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் வழக்கம்போல மூலையில் அவர் கையெழுத்தைப் போடக் குனிந்தாள்.

"என்னோடது வேண்டாம்மா. உன்னோடதைப் போடு."

பேனா அப்படியே நின்றது.

"எனக்குன்னு ஒண்ணு இல்லையே சார். உங்களோடதைத்தானே போட்டுப் பழகியிருக்கேன்."

அவர் வெள்ளைத்தாள் ஒன்றை இடது கையால் எடுத்து அவள் முன்னால் வைத்தார். நாலு மணிக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.