ஜேசனின் வலி

பண்டாரவளையிலிருந்து வந்த வேன் பூனாகலைச் சந்தியில் ஷிரோமியை இறக்கிவிட்டபோது காலை பத்து மணி. ஒரு கையில் துணிப்பை, மறுகையில் ஐஸ் போட்ட நீலப் பெட்டி. தேயிலைத் தொழிற்சாலைப் பக்கமிருந்து கொழுந்து வாடும் வாசம் வந்தது. பத்தொன்பது வருஷத்துக்குப் பிறகு அந்த வாசம் மூக்கில் ஏறியதும் அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு வந்த மத்தியானங்கள், அட்டைக்குப் பயந்து காலில் தேய்த்த சவர்க்காரம், கொழுந்து பறிக்க அம்மா இடுப்பில் கட்டிய, மழையில் நனைந்த படங்கு எல்லாம் ஒன்றாக வந்துவிட்டன.

கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் அவள் வலியைப் பற்றி ஆராய்கிறாள். நரம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வாசல்கள் உண்டு. அயன் கால்வாய்கள் என்று பாடப் புத்தகம் சொல்லும். உடம்பில் அடிபட்டால் அவை திறந்து சோடியம் உள்ளே பாயும், சேதி மூளைக்கு ஓடும். அவற்றில் ஒரு வகை வாசல் பிறவியிலேயே வேலை செய்யாத மனிதர்கள் உலகத்தில் மிகச் சிலரே. அவர்களுக்கு வலி தெரியாது, வாசமும் தெரியாது. போன மாதம் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவி ஒருத்தி, "அப்படி யாரையாவது நேர்ல பார்த்திருக்கீங்களா மிஸ்?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லி முடித்த பிறகுதான் ஷிரோமிக்கு ஜேசனின் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருநாள் மண்ணெண்ணெய் வாடை ஏறிய ரொட்டியை வகுப்பே ஒதுக்கி வைக்க, அவன் மட்டும் கேட்டு வாங்கித் தின்றான்.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை அவன் அவளுக்குப் பக்கத்து வாங்கில் உட்கார்ந்தான். பிரம்படி அவனுக்கு வலிக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். யார் தப்புச் செய்தாலும் ஜேசன் எழுந்து கையை நீட்டுவான். அடி விழுந்ததும் அவன் முகத்தைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். வகுப்பில் இருந்த ஒரே உலக உருண்டையை ஒருநாள் ஷிரோமி கீழே போட்டு உடைத்தாள். மாஸ்டர் உள்ளே வந்து கேட்டபோது அவளுக்கு வாய் வரவில்லை. "நாந்தாங்க சேர்" என்று ஜேசன் எழுந்தான். எட்டு அடி. அன்று பின்னேரம் அவள் அவனுக்கு இரண்டு டொபி கொடுத்தாள். கணக்கு அத்தோடு தீர்ந்ததென்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டியிருந்த லயத்தின் கடைசிக் காம்பராவில் ஜேசன் இருந்தான். இடது காலை இழுத்து இழுத்து நடந்து வாசலுக்கு வந்தான். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நுனியில்லை. முழங்கை வரைக்கும் பழைய தீக்காயங்கள்.

"வாங்க டொக்டர்" என்றான். பிறகு அவனே சிரித்து, "வா ஷிரோமி. அப்படிக் கூப்பிட வாய் வரமாட்டேங்குது" என்றான்.

அவன் மனைவி நேசராணி லுணுகலைப் பக்கத்தவள். பிளேன்டீ கொண்டுவந்து வைத்தவள், ஜேசனின் கோப்பையை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள். ஆறிய பிறகுதான் கொடுத்தாள்.

"சூடு தெரியாம குடிச்சு வாயெல்லாம் வெந்து போயிரும் அக்கா. தெனம் வேலை விட்டு வந்ததும் வாசல்ல உக்கார வச்சு உச்சந்தலையிலருந்து உள்ளங்கால் வரைக்கும் பார்ப்பேன். ஒருநாள் ஆணி ஒண்ணு சப்பாத்தோட சேர்ந்து கால்ல ஏறி இருந்துச்சு. அதோடயே மூணு மைல் நடந்து வந்திருக்காரு."

ஷிரோமி பையிலிருந்து சின்னப் போத்தல்களை எடுத்து, கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொன்றாக அவன் மூக்கருகே பிடித்தாள். கராம்பு, மண்ணெண்ணெய், ஏலக்காய். மூன்றுக்கும் அவன் இல்லையென்று தலையாட்டினான்.

"ஒண்ணும் தெரியல. சின்ன வயசிலருந்தே அப்படித்தான். மத்தவங்க மூக்கை உறிஞ்சினா நானும் உறிஞ்சுவேன். நல்ல வாசம்னா நானும் நல்ல வாசம்னு சொல்லுவேன்."

"இத இவ்வளவு நாளா எங்கிட்டக்கூட சொல்லலையே" என்றாள் நேசராணி.

அவன் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும். வலியைக் கடத்தும் நரம்பு வாசலுக்கான மரபணுவில், இருவரிடமிருந்தும் பழுதான ஒரு பிரதி வந்திருக்க வேண்டும் என்று ஷிரோமி விளக்கினாள். பரிசோதனைக்குக் கொஞ்சம் இரத்தம் வேண்டும், விருப்பமில்லாவிட்டால் தாராளமாக மறுக்கலாம் என்று படிவத்தை வாசித்துக் காட்டினாள்.

"இதுல என்ன வரும்?" என்றான் ஜேசன்.

"அந்த வாசலை மருந்தால கொஞ்சம் மூடி வைக்க முடிஞ்சா, புற்றுநோய்க்காரங்க வலியக் கொறைக்கலாம். வருஷக்கணக்கா ஆகும். முடியாமலும் போகலாம்."

"எம் மக?"

ஏழு வயது ஜெசிந்தினி பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"அவளுக்கு நேசராணிகிட்டருந்து நல்ல பிரதி வந்திருக்கு. ஒண்ணும் ஆகாது. சொந்தத்துல மட்டும் கட்டிக் குடுக்காதீங்க."

ஜேசன் கையெழுத்துப் போட்டான். அவள் ஊசியை எடுத்து, பழக்கத்தில், "கொஞ்சம் வலிக்கும்" என்றாள். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

குழாய் நிறைந்துகொண்டிருந்தபோது ஷிரோமி அந்த உருண்டையைப் பற்றிச் சொன்னாள். "உனக்கு வலிக்காதுன்னுதானே நான் பேசாம இருந்தேன்."

ஜேசன் ஊசி ஏறியிருந்த கையைப் பார்த்தான். "அடி வலிக்கல. அன்னைக்கு மாஸ்டர் எங்கப்பன் பேரச் சொல்லி, லயத்துப் புத்தி எங்க போகும்னு ஏசினாரு. நீங்கெல்லாம் சிரிச்சீங்க. நீயும் சிரிச்ச. வீட்டுக்குப் போயி சாப்பிடல. எங்கன்னு தெரியல, இங்கயோ என்னவோ" என்று நெஞ்சைத் தொட்டான். "அது வலியா என்னன்னு நீதான் படிச்சிருக்க."

ஷிரோமி ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். வழக்கத்துக்கு அதிக நேரம் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"மன்னிச்சிரு ஜேசன்."

"சரி விடு. சின்னப் பிள்ளைங்கதானே. டொபி நல்லா இருந்துச்சு."

முடிவு ஏழு மாதத்தில் வந்தது. அவள் நினைத்ததுதான். அதற்குள் அவனைப் பதுளைக்கு அழைத்துப்போய்க் காலைப் படம் பிடிக்க வைத்திருந்தாள். கணுக்காலில் மூன்று முறிவுகள். எப்போது நடந்தவை என்று அவனுக்கே தெரியாது. எலும்பைச் சீராக்கினார்கள், காலுக்கு அளவெடுத்துச் செய்த ஒரு சப்பாத்தும் கிடைத்தது.

அடுத்த ஆண்டு தேவாலயத்தில் ஜெசிந்தினியின் முதல் நற்கருணைக்கு ஷிரோமி மறுபடி வந்தாள். எல்லோரும் கோயிலுக்கு இறங்கிக்கொண்டிருந்தபோது வெள்ளைச் சட்டையோடு ஓடிய பிள்ளை சறுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாள். பெரிய காயமில்லை. ஆனால் ஏங்கி ஏங்கி அழுதாள். நேசராணி தண்ணீர் எடுக்கப் பீலிக்கு ஓடினாள். ஜேசன் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் ஷிரோமியைப் பார்த்தான்.

"இது எவ்வளவு நேரம் இருக்கும்?"

"கொஞ்ச நேரந்தான். ஊதி விடு. காத்துப் பட்டா ஆறும்."

அவன் குனிந்து ஊதினான். நிறுத்திவிட்டுப் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான். மறுபடி ஊதினான். கோயில் மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.