பாஸ்கம் மாவட்டத்தின் அறுநூறாவது ஆள்

எங்கள் மாவட்டத்துக்குப் பெயர் பாஸ்கம். பாஸ்கம் ஒரு செனட்டர். கான்சாஸின் இந்தப் புல்வெளியில் அந்த மனுஷன் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. ரயில் பாதையை இந்தப் பக்கம் திருப்பிவிடுவார் என்ற நப்பாசையில் அவர் பெயரை வைத்தவர் கர்னல் புரூயிட். இவர் கர்னலானது எந்தப் போரில் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

மாவட்டம் ஆக அறுநூறு பேர் குடியிருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்ததோ நானூறு சொச்சம். கர்னல் அசருவாரா? வழிப்போக்கர்களைப் பட்டியலில் எழுதினார். கோவேறு கழுதைகளுக்குப் பெயர் வைத்து எழுதினார். அப்படியும் ஒன்று குறைந்ததாம். ஜுரத்தில் போய் மூன்று வருஷமான என் புருஷன் ஆன்செலைச் சேர்த்து, சத்தியமும் செய்து கொடுத்துவிட்டார்.

ஐந்து வருஷம் உழுத நிலத்துக்குப் பட்டா கேட்டு நில அலுவலகம் போனபோதுதான் எனக்கு இது தெரிந்தது. விதவை என்றேன். குமாஸ்தா கர்னல் கொடுத்த பட்டியலைப் புரட்டினான்.

“உன் புருஷன் உயிரோட இருக்கானேம்மா. அவனை வரச்சொல்லு.”

மண்கட்டி வீட்டில் பனியோடும் பாம்போடும் தனியாக மல்லுக்கட்டியவள் நான். மாவட்டத்துக்குப் பெயர் சூட்டும் விழாவன்று நேரே மேடையருகே போய் நின்றேன்.

“கர்னலய்யா, என் புருஷன் செத்துட்டாருன்னு எழுதிக் குடுங்க.”

“இப்பவா? ஒண்ணு கொறைஞ்சா மாவட்டமே கிடையாதும்மா. ஊர் நல்லதுக்கு நாலு மாசம் பொறுத்துக்கக் கூடாதா?”

“அதுக்குள்ள நிலத்தை எவனாவது மடக்கிடுவான். அதோ கவர்னர் அனுப்பின அதிகாரி. அவர்கிட்டயே சொல்றேன், கழுதைங்க கதையையும் சேர்த்து.”

கர்னல் முகம் வெளுத்தது. “அதிகாரி மாவட்ட அறிவிப்பைப் படிச்சு முடிக்கட்டும். அடுத்த நிமிஷம் சாகடிச்சிடறேன்.”

நான் நகரவில்லை. அதிகாரி மாவட்டத்தின் பெயரைப் படித்தார். தொப்பிகள் பறந்தன. அந்தக் கூச்சலிலேயே கர்னல் முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். இறந்த நாள், இன்று.

அதோடு விட்டாரா? மேடையேறித் தொண்டையைக் கனைத்தார்.

“நம்ம மாவட்டத்தோட முதல் இழப்பு. சகோதரர் ஆன்செல் இப்பத்தான் காலமாயிட்டார். எல்லாரும் எழுந்து நில்லுங்க.”

எழுந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன் என் புருஷனின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரும் தொப்பியை மார்போடு பிடித்து, இப்போதுதான் கேள்விப்பட்டவர்கள்போல் தலைகுனிந்து நின்றார்கள். ஒருவன் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டான். தூ.

காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நானும் குனிந்தேன். எனக்குப் பட்டா வேண்டுமே.