கீழிறங்கும் நஞ்சு

நோர்வேயில், புருசெத் பக்கத்து நீச்சல் மண்டபத்தில் துப்புரவு வேலைக்காரருக்கு ஒதுக்கிய அறை நிலத்துக்குக் கீழே இருந்தது. சன்னல் இல்லை. பக்கத்தில் பம்புகள் ஓயாமல் இரையும். வேலை நடுவில் கோப்பி குடிக்க அங்கேதான் வருவார்கள். அன்று காலையும் அல்பிரட் கதிரையில் சாய்ந்திருந்து, கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ரஞ்சி, இஞ்சை ஓடிவந்து பாரன். சிரியாவிலை நச்சுக்குண்டு போட்டதெண்டு காட்டினவங்களெல்லே, அதெல்லாம் நாடகமாம். பிள்ளையளின்ரை வாயிலை சவர்க்கார நுரையைப் பூசிப்போட்டுப் படம் எடுத்தவங்களாம். எங்கடை குறூப்பிலை ஆரோ போட்டிருக்கிறான்."

அவனுடைய தங்கை மரியரஞ்சனி கையுறையைக் கழற்றாமலே எட்டிப் பார்த்தாள். "அந்தப் பிள்ளையின்ரை கண்ணைப் பாத்தா நடிக்கிற மாதிரியோ இருக்கு? கோப்பி ஆறுது, குடி."

"உனக்கு எல்லாத்துக்கும் இரக்கம்தான். நான் எங்கடை மற்றக் குறூப்பிலையும் தூக்கிப் போட்டிட்டன்."

வாசலில் ஹனான் நின்றாள். சிரியாவின் இட்லிப் மாகாணத்தில் இருந்து வந்தவள். அல்பிரட் பொறுப்பாக இருந்த குழுவில் அவளும் ஒருத்தி. தமிழ் ஒரு சொல் விளங்காது. ஆனால் அந்தப் படம் விளங்க மொழி தேவைப்படவில்லை. அவர்களுக்குள் பொதுவாக இருந்தது உடைந்த நோர்வேஜிய மொழி ஒன்றுதான். அதில் கேட்டாள்:

"இதில் என்ன சிரிப்பு?"

"இது பொய்யாம். இதில் சொல்கிறார்கள்."

"தினமும் உன் பக்கத்தில் நின்று நிலம் தேய்க்கிறேன். என்னிடம் ஒரு தரம் கேட்டிருக்கலாமே." அவ்வளவுதான் சொன்னாள். வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போய்விட்டாள்.

இந்த அல்பிரட்தான் இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு நோர்வே நாடாளுமன்றத்தின் முன்னால் குளிரில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன். மரியரஞ்சனி அப்போது வன்னியில், குண்டுவீச்சுக்குத் தப்பப் பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் கிடந்தாள். அங்கே நடப்பதை உறுதிப்படுத்த முடியவில்லை என்று தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவன் மேல், அல்பிரட் இருந்த இடத்திலிருந்தே செருப்பைக் கழற்றி எறிந்தான். வீட்டில் அன்றைக்குத் தொலைக்காட்சியின் கண்ணாடி போனது. தன்னை நம்பவில்லை என்று அழுதவன், அடுத்தவன் அழுதால் நடிப்பு என்கிறான். மனிதன் இப்படித்தான் கெட்டுப்போகிறான். யாரும் வந்து கெடுக்கத் தேவையில்லை.

கோப்பி முடிந்ததும் அல்பிரட் வழக்கம்போலத் தன் கலவையைத் தயாரித்தான். நீச்சல் மண்டபத்தில் குளிக்கும் அறைகளின் தரை, சுவர் ஓடுகளின் இடுக்குகளில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். குளோர் மருந்தை மட்டும் ஊற்றினால் சுண்ணாம்புக் கறை போகாது. சுண்ணாம்பு எடுக்கிற அசிட்டை மட்டும் ஊற்றினால் பூஞ்சணம் போகாது. இரண்டையும் ஒரே வாளியில் ஊற்றினால் ஒரே தேய்ப்பில் வேலை முடியும் என்பது அவனுடைய கண்டுபிடிப்பு. இரண்டு போத்தலிலும் மண்டையோட்டுப் படம் இல்லாத குறையாக, ஒன்றோடொன்று கலந்தால் நச்சுக்காற்று வரும் என்று எச்சரிக்கை எழுதியிருந்தது. ஆனால் தமிழ்ச் சனம் நடத்துகிற அந்தத் துப்புரவு நிறுவனத்தில் அதை யார் வாசித்தார்கள்? முதலாளி சண்முகலிங்கமே, "அல்பிரட்டின்ரை கலவை மாதிரி வராது" என்று நாலு பேருக்குச் சொல்லித் திரிந்தார். எப்போதும் மூடி அளவுதான் ஊற்றுவான். கெட்ட காற்றை வெளியே இழுக்கும் இயந்திரம் ஓடும். அதனால் கண் கொஞ்சம் எரிவதோடு தப்பிவந்தார்கள். அன்று அந்த இயந்திரம் பழுதாகி நின்றது. அசிட்டும் புதிது, கடுமையானது. அவன் இரண்டையும் தாராளமாக ஊற்றி, வாளியைக் கீழ்த்தளக் குளியலறையில் தங்கையிடம் கொடுத்துவிட்டு மேலே வந்தான்.

மேலே குளத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நீந்தப் பழகிக்கொண்டிருந்தார்கள். படிவாசலைத் துடைத்துக்கொண்டிருந்த ஹனான் சட்டென்று நிமிர்ந்தாள். குளத்தின் மணம் அவளுக்குப் பழக்கம். இது வேறு. தொண்டைக்குள் நகத்தைப் போடுகிற மணம். துடைப்பத்தை எறிந்துவிட்டு, கழுத்துத் துணியைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு கீழே ஓடினாள். மரியரஞ்சனி சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தாள். அவளை அக்குளில் பிடித்துப் படியால் இழுத்துவந்தாள். வந்த வேகத்தில் நெருப்பு அலாரத்தின் கண்ணாடியை முழங்கையால் உடைத்தாள். "மேலே! வெளியே! எல்லோரும் வெளியே!" என்று கத்தினாள். பிள்ளைகள் நீச்சலுடையோடு ஈரம் சொட்டச் சொட்ட மார்கழிப் பனியில் போய் நின்றார்கள்.

அல்பிரட்டுக்கு விளங்கிவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கி, வாளியை வடிகாலில் கவிழ்த்து, தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, கதவுகளை அகலத் திறந்தான். தீயணைப்புக்காரர் காற்றை அளக்கும் கருவியோடு இறங்கியபோது அங்கே காற்றுச் சுத்தமாக இருந்தது. ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று பின்னேரம் அல்பிரட் ரொம்சோசில் தங்கையின் வீட்டுக்குப் போனான். டாக்டர் மருந்து கொடுத்து ஓய்வெடுக்கச் சொல்லியிருந்தார். சோபாவில் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் ஹனான் இருந்து, அவள் இருமும்போதெல்லாம் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அல்பிரட் இருக்கவா போகவா என்று நின்றபோது சண்முகலிங்கம் அழைத்தார். ஊருக்கே கேட்கிற குரல் அவருக்கு.

"தம்பி, நாளைக்கு மண்டபப் பொறுப்பாளர் கூப்பிட்டிருக்கிறா. தாய்தகப்பன்மார் கொதிச்சுப்போய் நிக்கினமாம். அந்தச் சிரியாப் பிள்ளைக்குப் போர் வருத்தம், பயத்திலை மூளை குழம்பி அலாரத்தை அடிச்சிட்டுது எண்டு சொல்லுவம். அவள் ஓம் எண்டு சொல்லி மன்னிப்புக் கேட்டாளெண்டா வேலையிலை வைச்சிருக்கலாம். இல்லையெண்டா நிப்பாட்டுறதுதான். நீ ஒரு மணமும் வரேல்லை எண்டு மட்டும் சொல்லு."

"அண்ணை, ரஞ்சி இஞ்சை மூச்செடுக்கேலாமல்..."

"சளி, தடிமன் எண்டு சொல்லு. நீச்சல் குளமெண்டா குளோர் மணக்கும்தானேடாப்பா! கொன்றாக்ட் போனா நீயும் நானும் நடுறோட்டிலை."

போன் வைத்தாயிற்று. "என்ன சொல்கிறான்?" என்று ஹனான் கேட்டாள். அல்பிரட் ஒளிக்காமல் சொன்னான். அவளுக்கு இந்த வேலை இருந்தால்தான் நிரந்தரமாக இந்த நாட்டில் இருக்க அனுமதி கேட்கலாம் என்பது அவனுக்குத் தெரியும்.

அவள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "குண்டு விழுந்தால் கீழே ஓட வேண்டும். உங்களுக்கும் அது தெரியும்."

"பங்கர்" என்றாள் மரியரஞ்சனி.

"எங்கள் வீட்டுக்குக் கீழே ஒரு அறை. அக்காவும் அவளுடைய பிள்ளைகளும் முதலில் இறங்கினார்கள். நான் பிந்திவிட்டேன். ஹெலிகொப்டர் ஒரு பீப்பாயைப் போட்டது. பெரிய சத்தம் இல்லை. வெடிக்கவில்லை, தப்பிவிட்டோம் என்று அக்கா கீழேயிருந்து கூப்பிட்டாள். அவளுடைய குரலைக் கேட்டது அதுதான் கடைசி. குளோரின் காற்றைவிடப் பாரம். படியால் இறங்கி அவர்களைத் தேடிக்கொண்டு போனது. நாங்கள் கீழேதான் ஒளிந்திருப்போம் என்று தெரிந்துதான் அதை அனுப்பினார்கள். அதன் பிறகு ஊரில் எல்லோரும் மேலே ஓடப் பழகினோம். மேலே ஓடினால் உண்மையான குண்டு."

ஹனான் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"அடுத்த நாள் அரசாங்கம் சொன்னது, ஒன்றும் விழவில்லை, சனம் பயத்தில் உளறுகிறது என்று. சர்வதேச விசாரணைக்காரர் அது குளோரின்தான், போட்டது அரசாங்கத்தின் ஹெலிகொப்டர்தான் என்று எழுத ஒரு வருசத்துக்கு மேலே போனது. அதற்குள் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஏன் போடமாட்டார்கள்? அதுதான் ஒன்றும் நடக்கவில்லையே."

மரியரஞ்சனி இருமலை அடக்கிக்கொண்டு தமையனைப் பார்த்தாள். தமிழில் சொன்னாள்:

"அண்ணை, பங்கருக்குள்ளை நான் கிடக்கேக்குள்ளை, நாங்கள் பொய் சொல்லுறமெண்டு ஒருத்தன் சிரிச்சுக்கொண்டு கோப்பி குடிச்சிருப்பான். அவன் உன்னை மாதிரித்தான் இருந்திருப்பான் எண்டு நான் நினைச்சும் பாக்கேல்லை."

அல்பிரட் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் மண்டப அலுவலகத்தில் சண்முகலிங்கம் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நல்ல நோர்வேஜியத்தில், தேன் தடவினமாதிரி, போர் கண்ட மனிதர்களின் மனநிலை பற்றி விளக்கினார். பொறுப்பாளர் ஒரு நோர்வேஜியப் பெண்மணி. இரக்கத்தோடு தலையாட்டினார். "ஹனானை நாங்கள் குற்றம் சொல்லவில்லை" என்றார் சண்முகலிங்கம். "அவர் பயந்துவிட்டார். மன்னிப்புக் கேட்பார். இல்லையா, ஹனான்?"

"நான் பயந்தேன்" என்றாள் ஹனான். "பயந்தது உண்மை. பயந்ததால் மணம் பொய்யாகாது. மன்னிப்புக் கேட்கமாட்டேன்."

"அப்படியானால் வேலையை..."

"எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவைப் பொய்க்காரி ஆக்கினார்கள். அவளால் எழும்பி வந்து மறுத்துப் பேச முடியாது. எனக்கு வாய் இருக்கிறது."

சண்முகலிங்கம் அல்பிரட் பக்கம் திரும்பினார். "எங்கள் குழுப் பொறுப்பாளர் அங்கேதான் நின்றார். மணம் ஏதும் இருந்ததா, அல்பிரட்?"

அல்பிரட் எழும்பி நின்றான். இருந்துகொண்டு சொல்லக்கூடிய விசயமாக அவனுக்கு அது படவில்லை.

"இருந்தது. அது குளோரின். நான்தான் இரண்டு மருந்தையும் கலந்து வாளியைக் கொடுத்தேன். தீயணைப்புக்காரர் வருமுன் கழுவி ஊற்றியதும் நான்தான். என் தங்கை உயிரோடு இருப்பதற்கு இவள்தான் காரணம். குளத்துப் பிள்ளைகள் தப்பியதும் இவளால்தான்."

"டேய், வாயைப் பொத்தடா!" என்று சண்முகலிங்கம் தமிழில் சீறினார்.

"என்ன சொல்கிறார்?" என்று பொறுப்பாளர் கேட்டார்.

"வாயை மூடச் சொல்கிறார்" என்று அல்பிரட் மொழிபெயர்த்தான். "முடியாதென்று நான் சொல்கிறேன். கலந்தது என் பிழை. ஆனால் எல்லா இடத்திலும் இப்படித்தான் கலக்கிறோம், இவருக்கும் தெரியும். வேலைப் பாதுகாப்பு அதிகாரிகளைக் கூப்பிடுங்கள். எல்லாவற்றையும் அவர்களுக்கும் சொல்கிறேன்."

பொறுப்பாளர் சண்முகலிங்கத்தின் பக்கமே பாராமல் தொலைபேசியை எடுத்தார். எண்ணை அழுத்துமுன் ஹனானிடம் சொன்னார்: "உங்களை நம்பாதது என் பிழை. இந்த அலாரத்துக்காக உங்களை யாரும் வேலையிலிருந்து நிறுத்த நான் விடமாட்டேன்."

வாகனத் தரிப்பிடத்தில் சண்முகலிங்கம் அல்பிரட்டின் மேற்சட்டையைப் பிடித்தார். கோட்டின் பவிசெல்லாம் போய்விட்டது.

"உனக்குச் சோறு போட்டவன் நான். எங்கையோ கிடந்து வந்த ஒரு அராபிக்காரிக்காக எங்கடை ஆளைக் காட்டிக்குடுத்திட்டியேடா! அவளின்ரை நாட்டுச் சண்டைக்கும் எங்களுக்கும் என்ன? நாளையிலையிருந்து நீ இந்தப் பக்கம் வரப்படாது."

"வரேல்லை, அண்ணை." அல்பிரட் அவருடைய கையை மெதுவாக எடுத்துவிட்டான். ஹனான் கொஞ்சம் தள்ளி நின்றாள். அவளுக்கு விளங்கவேண்டும் என்று அவன் மிச்சத்தை நோர்வேஜியத்தில், உரத்துச் சொன்னான்:

"பங்கருக்குள் ஒளிந்திருக்கிற சனத்தைத் தேடி நஞ்சை அனுப்புகிறவன் கொலைகாரன். அது எந்த நாடாக இருந்தாலும், எந்த அரசாங்கமாக இருந்தாலும் கொலைகாரன்தான். அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லிச் சிரிக்கிறவன், அந்தக் கொலைகாரன் கையில் அடுத்த பீப்பாயை எடுத்துக் கொடுக்கிறான். இத்தனை நாளும் நானும் எடுத்துக் கொடுத்தேன். இனிமேல் கொடுக்கமாட்டேன்."