சுருட்டி வைக்கிற மணல்

சிங்கப்பூர்த் தேக்காவில் ஒரு காய்கறிக் கடைக்கு மேல்மாடி. ஏர்கான் குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு, ரத்தினம்மா பாலைவனத்துக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தாள். செயற்கைக்கோள் அனுப்பிய படத்தில் மணல் எதுவரை வந்திருக்கிறது என்று மவுசால் கோடு இழுத்து, உள்ளே மஞ்சள் நிரப்ப வேண்டும். மணல்மேடு எவ்வளவு நகர்ந்தது, எந்த ஊரை மூடப்போகிறது என்று அதை வைத்துத்தான் அறிக்கை போகும். பொத்தான்கள் இரண்டே இரண்டு: 'மணல்', 'மணல் அல்ல'.

ஜவுளிக்கடை வேலை போனபின், ஐம்பத்து மூன்று வயதில் கோர்ஸ் படித்துப் பிடித்த வேலை இது. மாதத்தில் ஐந்து தவறு விழுந்தால் காண்ட்ராக்ட் முடிந்தது. நான்கு விழுந்துவிட்டது. நான்கும் ஒரே இடத்தில்.

"ஆன்ட்டி, மறுபடியும் அங்கயேவா?" சூப்பர்வைசர் திவ்யதர்ஷினி நாற்காலியோடு உருண்டு வந்தாள். ரத்தினம்மாவின் மகள் வயதுதான் இருக்கும். "சிஸ்டம் சாண்ட்னு சொல்லுது லா. நீங்க மட்டும் இல்லேங்கறீங்க."

"இது வீட்டு மாடிம்மா. சுத்தி மணல் ஏறிடுச்சு, மாடி மட்டும் தெரியுது. பாரு, வெள்ளைத் துணி விரிச்சு வடகம் போட்டிருக்காங்க."

பக்கத்து மேசை நூருல் அமீன், முன்பு லாரி ஓட்டியவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "பாலைவனத்துல யாரு அக்கா வடகம் போடுவா? பேரீச்சம்பழமா இருக்கும்."

"ஏதோ ஒண்ணு பாய். தின்னுறது. அப்ப தின்ன ஆளு இருக்குல்ல?"

"வெயில் அடிச்சா மணலும் வெள்ளையாத்தான் தெரியும், ஆன்ட்டி."

ரத்தினம்மா இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். "இது காலையில எடுத்தது. துணி இருக்கு. இது அன்னைக்குச் சாயங்காலம். காணோம். மணல் சாயங்காலமானா தன்னையே சுருட்டி உள்ள எடுத்து வச்சுக்குமா?"

அமீன் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. திவ்யதர்ஷினிக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு கிளையண்டுக்குச் செய்தி தட்டினாள். பதில் உடனே வந்தது: 'எங்கள் பட்டியலில் அந்த ஊர் காலி. மணல் என்றே போடவும்.'

"பட்டியல் எப்பப் போட்டதாம்?"

"ஆறு வருசமாச்சு."

ரத்தினம்மாவின் மவுஸ் 'மணல் அல்ல' மேலேயே நின்றது.

"ஆன்ட்டி, கைய எடுங்க. அஞ்சாவது விழுந்தா நான் ஒண்ணுமே பண்ண முடியாது." திவ்யதர்ஷினி மவுஸை மெல்லப் பிடுங்கி, தானே 'மணல்' அழுத்தினாள். மாடி மஞ்சளானது. திரையில் பச்சை டிக். அதன் கீழே: 'அருமை, ரத்தினம்மா! உங்களிடம் கற்றுக்கொண்டேன். இனி இதுபோன்ற இடங்களை நானே பூசிவிடுவேன்.'

"மெஷினுக்கே டீச்சர் ஆயிட்டீங்க! இன்னைக்கு டீக்குக் கறிபாப் உங்க கணக்கு," என்றார் அமீன்.

"ரெண்டா வாங்கிக்குங்க பாய்," என்றாள் ரத்தினம்மா.

அடுத்த படம் தானாகத் திறந்தது. அதே ஊர், போன வாரம் பொழுது விடிந்ததும் எடுத்தது. அவள் மவுஸைத் தொடவே இல்லை. மேலிருந்து மஞ்சள் இறங்கிக்கொண்டிருந்தது. ஊருக்கு வெளியே ஏழு புள்ளிகள் ஒரே வரிசையில் நின்றன. புள்ளிகளைவிட அவற்றின் நிழல்தான் நீளம். ஒவ்வொரு நிழலின் தலையிலும் ஒரு மூட்டை. கடைசி இரண்டு நிழல்களும் குட்டையானவை.

மஞ்சள் அவற்றையும் பூசிக்கொண்டு கீழே இறங்கியது. பச்சை டிக் விழுந்தது.