செவ்வாய்க்கிழமைப் பட்டினி

சக்கரை அக்கா சந்துக்குள் வருகிறாள் என்பதை அவளுடைய செருப்புச் சத்தமே சொல்லிவிடும். தோளில் ஒரு பை. அதற்குள் விரலில் குத்துகிற ஊசிகள், ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின், பஞ்சு, ஒரு கட்டுப் படிவம். காலி கண்ணாடிப் புட்டிகளை நிறம் பார்த்துப் பிரிக்கிற கொட்டகைகளும், அங்கே வேலை செய்கிறவர்களின் வீடுகளும் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கிற சந்து அது. மழை பெய்தால் முழங்கால் வரை தண்ணீர். எந்த வண்டிக்காரனும் முனையிலேயே இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். அவளோ எட்டு மாதமாக ஒரு செவ்வாய் விட்டு ஒரு செவ்வாய் தவறாமல் வந்துகொண்டிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, சம்பளத்துக்காக மட்டும் யாரும் இப்படி நடக்க மாட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் நடக்கும் ஓர் ஆராய்ச்சிக்காகத்தான் அந்த நடை. இந்தப் பகுதி ஆட்களுக்கு அறுவைசிகிச்சை செய்தால் புண் ஏன் சீக்கிரம் ஆறுவதில்லை, ஏன் சீழ் பிடிக்கிறது, அதில் சர்க்கரை நோய்க்கு எவ்வளவு பங்கு என்று கண்டுபிடிக்க வேண்டும். கணக்கில் நாற்பத்தொரு பேர். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டை. சர்க்கரை அளவு நன்றாக இருந்தால் அக்கா அதில் பச்சைப் புள்ளி வைப்பாள், ஏறியிருந்தால் சிவப்பு. பச்சை வைக்கும்போது "சபாஷ்!" என்பாள். சிவப்பு வைக்கும்போது ஒன்றும் சொல்ல மாட்டாள், முகம் மட்டும் தொங்கிப்போகும். ஆரம்பத்தில் எல்லா அட்டையும் சிவப்பாகத்தான் இருந்தது. மூன்றாம் மாதத்திலிருந்து பார்த்தால், அடடா, சந்து முழுக்கப் பச்சை!

அந்த நாற்பத்தொரு பேரில் ஒருவர் புட்டிக்காரர். இருபது வருடமாக நின்றுகொண்டே புட்டி பிரிக்கிறவர். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போயிருந்ததால் கண்ணாடிச் சில்லு ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. செருப்பு ரத்தத்தில் பிசுபிசுத்தபோதுதான் குனிந்து பார்த்தார். ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அந்தப் புண்தான் ஆறுவேனா என்று அடம்பிடித்தது. மருந்தை மூன்று முறை மாற்றியும் சீழ் நிற்கவில்லை.

ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டாக்டரம்மா அவருடைய படிவங்களைப் புரட்டிப் பார்த்தார். மூன்றாம் மாதத்திலிருந்து எல்லாம் பச்சை வைக்கிற அளவுதான். "சர்க்கரை இவ்வளவு கட்டுப்பாட்டில இருந்தும் புண் ஆறலைன்னா இனிமே காத்திருக்கிறது ஆபத்து. சீழ் மேலே ஏறிச்சுன்னா உயிருக்கே வம்பு" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை கணுக்காலுக்கு மேலே எடுத்துவிடுவதென்று முடிவாயிற்று. புட்டிக்காரர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, "ஒத்தக் கால்ல நிக்கிறதுக்கு நான் என்ன கொக்கா?" என்று மனைவியிடம் கேட்டார். சிரிக்கத்தான் கேட்டார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அக்கா சந்துக்கு வரவில்லை. காலையில் திடீரென்று ஆஸ்பத்திரியில் கூட்டம் என்று கூப்பிட்டுவிட்டார்கள். ஒரு நாள்தானே, நாளைக்குப் போய்க்கொள்ளலாம் என்று யாருக்கும் தகவல் சொல்லாமல் போனாள். கூட்டத்தில் அக்காவின் மேலாளர் எழுந்து, "எல்லா ஏரியாவையும்விட இவங்க சந்துதான் முதல்ல நிக்குது" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அக்காவுக்குக் கூச்சத்தில் தலை நிமிரவில்லை.

புதன்கிழமை பத்து மணிக்குக் கொட்டகைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். புட்டிக்காரர் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, பழுப்புப் புட்டிகள் கிடக்கிற கூடையில் பச்சைப் புட்டிகளைப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கை வெடவெடவென்று நடுங்கியது. பக்கத்திலிருந்தவர்கள், "என்ன அண்ணே, காலங்காத்தாலேயே ஏத்திட்டீங்களா?" என்று கேலி பேசினார்கள். அவர் ஏதோ உளறினார்.

அக்கா அவர் விரலைப் பிடித்துக் குத்தினாள். மெஷினில் நாற்பத்து நாலு. எழுபதுக்குக் குறையக் கூடாதது அது. அதற்குக் கீழே போனால் மயக்கம், அதற்கும் கீழே போனால் ஆளே போய்விடுவார்.

"யாராவது சக்கரை கொண்டாங்க! ஓடுங்க!"

இரண்டு பேர் ஓடினார்கள். தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, தலையைத் தாங்கிப் பிடித்து, மெல்ல மெல்லப் புகட்டினாள். கால் மணி நேரம் கழித்துத்தான் அவர் கண் தெளிந்தது. தெளிந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "நம்பர் நல்லா வந்துச்சாம்மா?"

"நம்பர் கிடக்கட்டும். கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

தகவல் கேட்டு ஓடிவந்திருந்த மனைவிதான் பொலபொலவென்று அழுதபடி சொன்னாள். "முந்தாநாள் மத்தியானம் சாப்பிட்டதுக்கா. நேத்து நீ வருவேன்னு காத்திருந்தோம். வரலை. சரி, இன்னிக்கு வந்துடுவேன்னு இவரு வெறும் பச்சைத் தண்ணியைக் குடிச்சுட்டே உக்காந்திருந்தாரு. மாத்திரையையும் ஒண்ணுக்கு ரெண்டா போட்டுக்கிட்டாரு."

"ஏன்? யாரு சொன்னா அப்படி?"

"எப்பவுமே அப்படித்தானேக்கா. நீ வர்ற நாளு மட்டும் பட்டினி. நீ போனதும் சாப்பிட்டுக்குவாரு. ஆஸ்பத்திரிக்குப் போற நாளும் அதேதான். மத்த நாள்ல வாய்க்குக் கட்டுப்பாடே கிடையாது. இவரு மட்டுமில்ல, சந்துல எல்லாருமே இப்படித்தான்."

அக்கா வீடு வீடாக ஏறி இறங்கினாள். 'சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் ஆச்சா?' என்று ஒவ்வொரு முறையும் கேட்டிருக்கிறாள். 'ஆச்சு, ஆச்சு' என்று எல்லோரும் தலையாட்டியிருக்கிறார்கள். எல்லாம் பொய். மூன்றாம் மாதம் ஒருநாள் மேலாளர் அவளுக்குப் போன் செய்து, "உன் ஏரியாவுல மட்டும் ஏன் இப்படி ஏறிக்கிட்டே போகுது? வேலை பாக்குறியா, ஊர் சுத்துறியா?" என்று கத்தியிருந்தார். அந்தச் சத்தம் குழாயடியில் நின்ற பெண்களுக்கெல்லாம் கேட்டுவிட்டது. நமக்காக வெயிலிலும் சேற்றிலும் அலைகிற பிள்ளைக்கு நம்மால் கெட்ட பெயரா என்று அங்கேயே கூடிப் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். அடப் பாவமே! பாசத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

"உன் வேலைக்கு எதுவும் ஆயிடக் கூடாதேன்னுதான்..." என்று ஒரு கிழவர் இழுத்தார்.

அக்கா பேருந்து நிறுத்தத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேருந்துகள் வந்து போயின. இனிமேல் ஒழுங்காகச் சாப்பிடுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு, பழையதை அப்படியே மூடி மறைத்திருக்கலாம். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. நேற்றுத்தான் கைதட்டல் வாங்கியவள், இன்று போய் எல்லாமே தப்பு என்று எந்த முகத்தோடு சொல்வது? வேலையும் போகும், மானமும் போகும். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தால் புட்டிக்காரரின் கால் போய்விடுமே! 'நான் எழுதின நம்பரை நம்பித்தானே அந்தக் காலை எடுக்கப் போறாங்க' என்று நினைத்தபோது அவளால் உட்கார முடியவில்லை. மூன்றாவது பேருந்தில் ஏறிவிட்டாள்.

டாக்டரம்மாவின் அறையில் உட்காராமலே சொல்லி முடித்தாள். எட்டு மாதப் படிவங்களையும் மேசையில் வைத்தாள். "தப்பு என்னோடதுதான், டாக்டர். பச்சைக்குச் சிரிச்சேன், சிவப்புக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். அவங்க எனக்காகப் பொய் சொல்லியிருக்காங்க."

டாக்டரம்மாவின் முகம் கறுத்துவிட்டது. ஆய்வறிக்கை எழுதி முடித்து, அச்சுக்கு அனுப்பத் தயாராக மேசையிலேயே இருந்தது. "வெளியில உக்காரு" என்றார்.

அரை மணி நேரம். அக்கா தன் அடையாள அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கதவு திறந்தது. டாக்டரம்மா வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டே, "எதுக்கு அதைக் கழட்டி வெச்சிருக்கே? மாட்டு. அவரை இன்னிக்கே கூட்டிட்டு வந்து வார்டுல சேக்கணும். வா" என்றார்.

மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. ஒரு நாள் பட்டினிக்கெல்லாம் அது ஏமாறாது. ஆய்வின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் செய்வதாக வைத்திருந்த அதை அன்றே செய்தார்கள். ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய அளவு பன்னிரண்டை நெருங்கியிருந்தது. டாக்டரம்மா புட்டிக்காரரின் பாதத்தைப் பிடித்து நாடி பார்த்தார். ரத்த ஓட்டம் நன்றாகவே இருந்தது.

"வெள்ளிக்கிழமை ஆபரேஷன் வேண்டாம். புண் ஆறாததுக்குச் சர்க்கரைதான் காரணம், அதைக் குறைச்சா ஆற வழியிருக்கு. இன்சுலின் போட்டு, புண்ணைச் சுரண்டிச் சுத்தம் பண்ணிப் பார்ப்போம். ஆனா புண்ணைச் சுத்திச் செவந்திருக்கிறது கால்ல மேலே ஏறினா அன்னிக்கே காலை எடுத்துடுவேன். சம்மதமா?"

புட்டிக்காரர் தலையை ஆட்டினார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் அடித்தது. அவர் மனைவிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டாக்டரம்மா ஒரே நாளில் நான்கு முறை வந்து காலைப் பார்த்துவிட்டுப் போனார். ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கியது. பத்தாம் நாள் சீழ் நின்றது. இரண்டரை மாதத்தில் புண் மூடியது. ஒரு பாதத்தில் மூன்றே விரல்களோடு என்றாலும், அவர் இரண்டு காலிலும் நின்றார்!

அச்சுக்குப் போக இருந்த அறிக்கை போகவில்லை. எட்டு மாதக் கணக்கின் குறுக்கே டாக்டரம்மா தன் கையாலேயே கோடு போட்டார். 'நாங்கள் தவறாக அளந்தோம், அதற்கு நாங்களே காரணம்' என்று எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார். வருடக்கணக்கில் கட்டியதைத் தானே இடிக்க எவ்வளவு துணிவு வேண்டும்! படித்தவர்கள் எல்லோருக்கும் அது வாய்த்துவிடுவதில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மாவே சந்துக்கு வந்தார். புட்டிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். நாற்பத்தொரு பேரும் சுற்றி நின்றார்கள்.

"எங்களால இந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமாம்மா?" என்று கிழவர் கேட்டார்.

"யார் சொன்னது? 'நான் எழுதின நம்பர் தப்பு'ன்னு இத்தனை வருஷத்துல என்கிட்ட வந்து நின்ன முதல் ஆள் இவதான். இவளை விட்டுட்டு நான் யாரை வெச்சு ஆராய்ச்சி பண்றது?" டாக்டரம்மா கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "உண்மையைச் சொன்னா திட்டு விழுற இடத்துல யாரும் உண்மையைச் சொல்ல மாட்டாங்க. அது எங்க தப்பு. இனிமே எந்த நம்பர் வந்தாலும் இங்க யாரும் உங்களைத் திட்ட மாட்டாங்க. ஏறியிருந்தா ஏன்னு உக்காந்து பேசுவோம். அவ்வளவுதான்."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புட்டிக்காரர்தான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். கொட்டகை வாசலிலிருந்து பெட்டி வரை யாருடைய தோளையும் பிடிக்காமல் நடந்து வந்தார். அக்காவிடம் விரலை நீட்டினார்.

"இப்பத்தான் சாப்பிட்டேன். சாப்பிட்டதும் கொஞ்சம் ஜாஸ்தி. நேத்து ராத்திரி ஊசியும் போட்டுக்கலை, சோம்பேறித்தனம். எழுதிக்கோ."

மெஷின் இருநூற்று முப்பது காட்டியது. அவர் அதை வாங்கி எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"நல்லா பாத்துக்குங்க. இதுதான் என் நம்பர். வாத்தியார்கிட்ட மறைச்சா மார்க்குதான் போகும். டாக்டர்கிட்ட மறைச்சா காலே போயிடும். போக இருந்தது எனக்கு. அடுத்தது யாரு? வாங்க, உள்ளதைச் சொல்லுங்க."