பதினொரு நாள் வீச்சு

டைலரம்மா வீசிய முதல் தூண்டில் பதினொரு நாள் கழித்துத்தான் தண்ணீரில் விழுந்தது. வீசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு. விழுந்தது அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம். விழுந்த சத்தம் தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்டது. எதிர்வீட்டு இஸ்திரிக்காரர் "ஒருவழியா விழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து காலரைத் தேய்க்க ஆரம்பித்தார். இடைப்பட்ட நாட்களில் டைலரம்மா இருபத்தாறு பள்ளிக்கூடச் சட்டை தைத்து, அத்தனைக்கும் காஜா எடுத்துப் பட்டனும் வைத்து முடித்திருந்தாள். அவள் புருஷன் காயில்காரன் மட்டும் அந்தப் பதினொரு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. அவன் வீசிய தூண்டில் அதே ஞாயிற்றுக்கிழமை அவன் செருப்புக்குப் பக்கத்திலேயே விழுந்திருந்தது.

காயில்காரன் என்றால் எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவன். முன்னறையில் மனைவியின் தையல் மெஷின், பின்னறையில் இவனுடைய சுற்றும் மெஷின், நடுவில் ஒரு திரை. இருபது வருஷமாக அவள் நூலும் இவன் கம்பியும் சண்டை சச்சரவில்லாமல் ஒரே கூரைக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தன. ஏரிப் படகுத்துறைக்காரர் தொழிலை மூடிவிட்டு மகளோடு போய் இருக்கக் கிளம்பியபோது, தன் பம்ப் மோட்டாரைப் பலமுறை பிழைக்க வைத்தவன் என்ற பாசத்தில் மூன்று தூண்டில் ரீல்களை இவனிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று மூடி போட்ட ரீல். பின்னால் ஒரு பட்டன், அமுக்கி வீசி விரலை எடுத்தால் நூல் ஓடும், குழந்தைகூடப் பழகிவிடும். இரண்டாவது தொங்கும் ரீல். கம்புக்குக் கீழே தொங்கும், வளையத்தைத் திறந்து நூலை ஆள்காட்டி விரலில் பிடித்து, வீசுகிற நொடியில் விடவேண்டும். மூன்றாவது உருளை ரீல். கம்புக்கு மேலே உட்காரும், ஓடுகிற உருளையைக் கட்டைவிரலால் அடக்கிக்கொண்டே வீசவேண்டும், கொஞ்சம் பிசகினால் நூல் முழுக்கச் சிக்கல். "சுத்துற வேலைதானே, நமக்குத் தெரியாததா" என்று காயில்காரன் மார் தட்டினான். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரைக்குத் துணைக்கு வந்த மனைவியிடம் பெரிய மனசு பண்ணி தொங்கும் ரீலை நீட்டிவிட்டு, பட்டன் ரீலைத் தனக்கு வைத்துக்கொண்டான். நூலை எந்த நொடியில் விடவேண்டும் என்று தையல்காரியின் விரலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

வீசிவிட்டு எவ்வளவு நேரம்தான் கரையில் நிற்பது? பத்து மணிவரை பார்த்துவிட்டு டைலரம்மா கம்போடு வீட்டுக்கு வந்து அதைத் தையல் மேசை ஓரத்தில் கட்டிவைத்தாள். நூல் ஜன்னல் வழியாக வெளியே போய், தெருவைத் தாண்டி, கரண்டுக் கம்பிக்கு மேலே ஏறி, ஏரிப் பக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. ரீலில் இருந்தது முந்நூற்று நாற்பது சுற்று. காயில்காரன் எண்ணிச் சுற்றியது, தப்பாது. ஒன்பதாயிரம் சுற்று ஓடிய பிறகும் ரீல் நிறைந்தே இருந்ததைப் பார்த்து அவனுக்குத் தொழில்முறையில் ஒரு அவமானம் வந்தது. ஏரி அவ்வளவு அகலம் கிடையாது. அக்கரையில் மேய்கிற மாடு இக்கரையிலிருந்தே தெரியும். தூண்டில் எந்தத் தண்ணீரில் விழுந்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. விழுந்த மறுநாள் சாயங்காலம் நூல் இரண்டு முறை சுண்டியது. மீன் அப்படி இழுக்காது. கதவைத் தட்டுகிற மாதிரி நிதானமாக இரண்டு. டைலரம்மா நூலில் விரலை வைத்துப் பார்த்தாள். பதிலுக்கு இரண்டு முறை சுண்டிவிட்டாள். அப்புறம் சிரித்தாள்.

"யாரு அது?" என்றான் காயில்காரன்.

"தெரியலங்க. அந்தப் பக்கம் யாரோ இருக்காங்க."

"இருந்தா உனக்கென்ன சிரிப்பு?"

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு மெஷினை நிறுத்திவிட்டு நூலில் விரலை வைத்து உட்காருவது அவளுக்கு வழக்கமாயிற்று. காயில்காரன் திரை இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து வெந்தான். இருபது வருஷத்தில் தன்னைப் பார்த்து இப்படிச் சிரித்திருக்கிறாளா என்று யோசித்தான். கல்யாணமான புதிதில் ஒருமுறை, அதுவும் இவன் வழுக்கி விழுந்தபோது. வயிறு எரிந்து எரிந்து, சட்டையில் தொப்புளுக்கு நேராகத் துணி கருகியது, பட்டன்கள் இளகி ஒழுகின. இஸ்திரிக்காரர் பதறிப்போய், "இது என் பெட்டி சுட்டது இல்லை" என்று தெருவில் ஒவ்வொருவரிடமும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். டைலரம்மா ஒன்றும் கேட்காமல் பித்தளைப் பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தாள்.

அவள் தூண்டில் கிடக்கிற தண்ணீரிலேயே தன் தூண்டிலையும் போட்டு, அந்த ஆள் யார் என்று பார்த்துவிடுவது என்று காயில்காரன் முடிவு செய்தான். பட்டன் ரீலோடு ஒரு வருஷம் மாரடித்தான். நாற்பது அடி தாண்டவில்லை. இரண்டாம் வருஷம் அவளுடையது மாதிரியே ஒரு தொங்கும் ரீல் வாங்கினான். சுற்றும் மெஷினில் கைப்பிடி மேலே இருந்து பழகியவன், தொங்கவேண்டிய ரீலைக் கம்புக்கு மேலே நிறுத்தி, கைப்பிடியைப் பின்பக்கமாகச் சுற்றியே மூன்று மாதம் ஓட்டினான். கரையில் இருந்தவர்கள் அவன் மூஞ்சியைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்கவில்லை. சரியாகப் பிடித்த பிறகும், காயில் சுற்றுகிற கை சும்மா இருக்குமா? எண்ணி எண்ணி இறுக்கிச் சுற்றியதில் நூல் நூலுக்குள்ளேயே புதைந்து, வீசினால் வெளியே வர மறுத்தது.

அந்த வருஷக் கடைசியில், தைத்த துணிகளைக் கொடுக்க டைலரம்மா வெளியூர் போன ஒரு நாள், அவன் திரையைத் தாண்டி முன்னறைக்கு வந்து அவளுடைய ரீலைச் சுற்ற ஆரம்பித்தான். ஆளை அப்படியே இழுத்து வந்து ஜன்னலில் நிறுத்தி, முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்பதாகத் திட்டம். கொஞ்ச நேரத்தில் நூல் இரண்டு முறை சுண்டியது. இவனுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இன்னும் வேகமாகச் சுற்றினான். ஒரே ஒருமுறை சுண்டியது. அப்புறம் நூல் தொளதொளவென்று வந்தது. நாலு மணிக்கு வெறும் முள் ஜன்னல் கம்பியில் வந்து மோதியது.

அவள் திரும்பி வந்து முள்ளைப் பார்த்தாள். "நீங்களா சுத்தினீங்க?"

"சும்மா பாத்தேன்."

"கேட்டிருந்தா உங்க விரலையும் வச்சுக் காட்டியிருப்பேன்ல," என்றாள். திட்டியிருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் காலை அவள் திரும்பவும் வீசினாள். பதினொரு நாளில் தூண்டில் விழுந்தது, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் யாரும் சுண்டவில்லை. ஆறு மாதம் போயிற்று, இரண்டு வருஷம் போயிற்று. ஆறு மணிக்கு உட்காருவதை அவள் விடவில்லை; சிரிப்பு மட்டும் நின்றுபோயிற்று. காயில்காரனுக்கு ஒரு பக்கம் குற்ற உணர்ச்சி, இன்னொரு பக்கம் முன்னைவிட எரிச்சல். போனவனுக்காக இப்படியும் ஒருத்தி காத்திருப்பாளா? தான் காணாமல் போனால் எத்தனை நாள் விரல் வைத்து உட்காருவாள் என்று நினைத்துப் பார்த்தான். கிடைத்த விடை பிடிக்கவில்லை. அந்த இரண்டு வருஷமும் உருளை ரீலே கதி என்று கிடந்தான். கட்டைவிரலை அமுக்கினால் தூண்டில் காலடியில் விழுந்தது, விட்டால் நூல் சடை பிடித்தது. ஒரு சிக்கலைப் பிரிக்க ஒரு வாரம் ஆனது. ஒருநாள் மாட்டேன் என்று அவன் தூக்கிப் போட்டதை டைலரம்மா எடுத்து, பக்கத்தில் குந்தி, ஊசி முனையால் ஒவ்வொரு கண்ணியாக விடுவித்துக் கொடுத்தாள். "இறுக்கிப் பிடிக்காதீங்க. ஓடட்டும்னு விட்டுட்டு, லேசா தொட்டுக்கிட்டே இருங்க," என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க எழுந்து போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வீசியது விழவில்லை. அவனும் கம்போடு வீட்டுக்கு வந்து பின்னறையில் கட்டினான். பதினொரு நாளைத் தாண்டிவிடும் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தான். ஒன்பதாம் நாளே விழுந்துவிட்டதில் அவனுக்கு இரண்டு நாள் மனத்தாங்கல். மூன்றாம் நாள் சாயங்காலம் நூல் இரண்டு முறை சுண்டியது. கேட்கவேண்டிய கேள்விகளை நாலு வருஷமாக மனப்பாடம் செய்து வைத்திருந்தவனுக்கு ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. விரலை வைத்தான். இரண்டு முறை சுண்டிவிட்டான். தன்னையறியாமல் சிரித்தும் விட்டான்.

முன்னறையில் மெஷின் நின்றது. டைலரம்மா பாதி தைத்த சட்டையோடு திரையை விலக்கி நின்றாள்.

"யாரு?"

"யாரோ."

"பொம்பளையா?"

"நூலைத் தொட்டா அதெல்லாம் எப்படித் தெரியும்?"

"அப்ப எதுக்குச் சிரிச்சீங்க?"

அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவள் முக்காலியை இழுத்துப் போட்டு, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்து, அவன் நூலை முறைத்துப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து முன்னறையில் அவளுடைய ரீல் சத்தம் போட்டது. நிதானமாக இரண்டு, கொஞ்சம் விட்டு இன்னும் இரண்டு. அவள் காதில் விழவில்லை. காயில்காரன் காதில் விழுந்தது. இன்னும் ஒரு நிமிஷம், இன்னும் ஒரு நிமிஷம் என்று அவள் பக்கத்தில் இருப்பதை அனுபவித்துவிட்டு, மனசு கேட்காமல் சொன்னான்:

"உன் ரீல் கூப்பிடுது."

"கூப்பிடட்டும்," என்றாள் அவள், அவன் நூலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இப்போது அந்த வீட்டிலிருந்து இரண்டு நூல்கள் தெருவுக்கு மேலே போகின்றன. கரண்டு வேலைக்கு வருகிறவர்கள் கம்பத்தில் ஏறும்போது குனிந்துகொள்கிறார்கள். ஆறு மணிக்கு மேல் சட்டை வாங்கவோ மோட்டார் கொடுக்கவோ அங்கே யாரும் போவதில்லை.